வைகை விரித்த விசிறி

அக்காவிடமிருந்து போன் வந்தபோது மோஸா மதுரை ஆஸ்பத்திரி அறையில் உட்கார்ந்து இட்லியைக் கரண்டியால் வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"வசந்தி, அணையில தண்ணி திறந்துவிட்டுட்டாகளாம்டி. நாளான்னைக்கு நம்ம கால்வாய்க்கு வந்துரும்கிறாக. உன் மச்சான் ரெண்டு நாளா கால்வாயிலதான் கெடக்குறாரு" என்றாள் அக்கா.

அதை மோஸாவிடம் சொன்னேன். அவள் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நாளை மறுநாளா? உங்கள் ஊரில் வெள்ளம் வருகிற நாளை முன்கூட்டியே சொல்லிவிடுவீர்களா?"

"வெள்ளம் இல்லை. தண்ணீர். அது மெதுவாக நடந்து வரும்."

"தண்ணீர் நடக்காது" என்றாள். மறுபடி கரண்டியை எடுத்துக்கொண்டு, "சரி, போய்ப் பார்ப்போம்" என்றாள்.

மோஸா ஓமான் நாட்டுக்காரி. மஸ்கட்டில் நானும் அவளும் ஒரே நிறுவனத்தில் நிலத்தடி நீர் ஆய்வு செய்கிறோம். என்னைவிட மூத்தவள், எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருத்தி. முழங்கால் சிகிச்சைக்கு மதுரைக்கு வந்தாள், துணைக்கு நான் வந்தேன். சிகிச்சை முடிந்து ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியிருந்தாள். விமானம் ஏற இன்னும் சில நாட்கள் இருந்தன. நாங்கள் பேசிக்கொள்வது பாதி அரபி, பாதி ஆங்கிலம். இங்கே எல்லாவற்றையும் தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

தினமும் சாயங்காலம் அவளுடைய அப்பா போன் செய்வார். எண்பதைத் தாண்டியவர். அவர் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: மலையடிவாரத்தில் இருந்த பழைய ஊருக்குத் திரும்பிப்போய் ஒரு வீடு கட்டிக்கொள்ள வேண்டும், அதற்கு மூத்த மகளான அவள் சம்மதிக்க வேண்டும். அவள் பதில் சொல்லாமல் வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். ஏன் என்று நான் ஓரளவு அறிவேன். அவளாகப் பேசினால் ஒழிய நான் கேட்பதில்லை.

மறுநாள் காலை காரில் கிளம்பினோம். ஓட்டி வந்தவர் காஜா, பனைக்குளத்துக்காரர். ஓமானிலேயே சலாலா என்ற ஊரில் பல வருஷம் டிரைவராக இருந்துவிட்டுத் திரும்பியவர். மோஸாவைப் பார்த்ததும் சலாம் சொல்லி, தன்னிடம் இருந்த அரபி முழுவதையும் திருப்புவனம் வருவதற்குள் பேசித் தீர்த்துவிட்டார். இடது பக்கம் போ, நிறுத்து, ஏசியைக் கூட்டு, முதலாளி தூங்குகிறார். அதற்கு மேல் அவரிடம் வார்த்தை இல்லை. மோஸா சிரித்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

மானாமதுரைப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். கீழே வைகையில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஆற்றின் முழு அகலத்துக்கும் இல்லை. மணலுக்கு நடுவே இரண்டு மூன்று கிளையாகப் பிரிந்து, கருவேலம் புதர்களைச் சுற்றிக்கொண்டு போனது. அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

பரமக்குடியில் சாப்பிட இறங்கினோம். அங்கே பாலத்தின் மேல் நின்று பார்த்தால் ஆற்றில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணீர் எங்கே?" என்றாள் மோஸா.

"வழியில் எங்கேயோ அதை முந்திவிட்டோம்."

அவள் நம்பவில்லை. காஜாவிடம் கேட்டாள். "ஆமா மேடம், பின்னாடி வருது" என்று தமிழிலேயே சொல்லி, பஸ்ஸைத் தவறவிட்ட உறவுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோலக் கட்டை விரலால் மேற்கே காட்டினார்.

சாப்பாட்டுக் கடையில் மோஸா மீன் குழம்பை மட்டும் இரண்டு முறை வாங்கிக்கொண்டாள். ரசம் வந்தபோது அதை மருந்து என்று நினைத்து ஒரே மூச்சில் குடித்தாள். பரிமாறியவர் பதறிப்போய் இன்னொரு டம்ளர் கொண்டுவந்து வைத்தார்.

பரமக்குடியைத் தாண்டினால் எங்கள் பக்கம். கருவேலமும் பனையும் கண்மாய்க் கரைகளும் தவிர எழுந்து நிற்பது எதுவும் இல்லை. மோஸா கார்க் கண்ணாடி வழியே இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தாள். வெளியாட்கள் இந்த நிலத்தைப் பார்த்து வறட்சி என்பார்கள். அவள் கேட்டது வேறு.

"இந்த விசிறியின் பிடி எங்கே இருக்கிறது?"

மலையிலிருந்து இறங்கும் ஆறு, பள்ளத்தாக்குக்குள் இருக்கும்வரை இரண்டு பக்கமும் சுவர் வைத்தது போல ஒடுங்கி ஓடும். அந்த வேகத்தில் கல், சரளை, மணல் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வரும். சமவெளிக்கு வந்ததும் சுவர்கள் விலகிவிடுகின்றன. தண்ணீர் அகலமாகப் பரவுகிறது, ஆழம் குறைகிறது, சரிவும் குறைகிறது. சுமக்க முடியாததை வழியிலேயே இறக்கிவைக்கிறது. முதலில் பெரிய கல், அப்புறம் சரளை, பிறகு மணல், கடைசியில் வண்டல். இறக்க இறக்கத் தன் பாதையைத் தானே மேடாக்கிக்கொள்கிறது. அப்புறம் ஏதோ ஒரு மழைக்காலத்தில் அந்த மேட்டை விட்டுவிட்டுப் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கிவிடும். அந்தப் பள்ளமும் ஒரு நாள் மேடாகும். இப்படி ஆயிரக்கணக்கான வருஷம் இடமும் வலமுமாக ஆறு புரண்டு படுத்த இடம்தான் வண்டல் விசிறி. மேலிருந்து பார்த்தால் பனையோலை விசிறி மாதிரியே இருக்கும். ஆறு வெளியே வரும் வாய்தான் அதன் பிடி.

மோஸா பிறந்த ஊர் அப்படி ஒரு பிடியில்தான் இருந்தது. பின்னால் மொட்டை மலை, முன்னால் சரிந்து இறங்கும் கல் வெளி. அங்கே மலையடி நெடுகிலும் ஒவ்வொரு பள்ளத்தாக்கின் வாயிலும் ஒரு விசிறி உண்டு. பக்கத்துப் பக்கத்து விசிறிகள் விளிம்பில் ஒட்டிக்கொண்டு மலைக்குப் பாவாடை கட்டியதுபோல ஒரே சரிவாகிவிட்டன. அந்தச் சரிவில் வண்டியை நியூட்ரலில் விட்டால் தானாக ஓடும். இங்கே ஒரு பந்தை ரோட்டில் வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும்.

"பிடி என்று ஒரு இடத்தைக் காட்ட முடியாது. மானாமதுரைக்கு அங்கிட்டு எங்கேயோ என்று வைத்துக்கொள்" என்றேன். செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால், அங்கிருந்து வைகையின் பழைய தடங்கள் வடகிழக்கே, கிழக்கே, தென்கிழக்கே என்று பிரிந்து கடல்வரை கிடக்கும். அந்தத் தடங்களை மறித்துத்தான் எங்கள் ஆட்கள் கண்மாய் கண்மாயாக வெட்டி வைத்திருக்கிறார்கள். இதைக் கழிமுகம் என்பவர்களும் உண்டு, விசிறி என்பவர்களும் உண்டு. அந்தச் சண்டையை நாங்கள் இருவருமே காரில் போட்டோம். அக்கா வீடு வந்ததால் முடிவில்லாமல் நின்றது.

வீட்டில் மச்சான் இல்லை. அக்கா மோஸாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "காலு எப்படிம்மா இருக்கு?" என்றாள். நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே மோஸா சேலையைத் தொட்டு, அழகாக இருக்கிறது என்று அரபியில் சொன்னாள். அதன் பிறகு அவர்கள் இருவரும் என்னைப் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அக்கா அடை சுட்டாள். காரம் ஒத்துக்கொள்ளாதே என்று விருந்தாளிக்குத் தோசை. மோஸா அடுப்பங்கரையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். கெட்டியான அடை மாவு போட்ட இடத்தில் தடிப்பாக நின்றது. தோசை மாவு கரண்டி போன வழியெல்லாம் போனது.

"இது எங்கள் ஊர்" என்று அடையைக் காட்டினாள். "கல்லும் சேறும் கலந்து இப்படித்தான் வரும், தண்ணீர் கம்மியாக, கெட்டியாக. வீட்டளவு பாறையைக்கூடத் தூக்கிக்கொண்டு வரும். நின்றால் விளிம்பு செங்குத்தாக நிற்கும். அதனால் விசிறி சின்னது, சரிவு அதிகம். எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் மழை கொஞ்சம் அதிகம். அங்கே தண்ணீரே சரளையைத் தள்ளிக்கொண்டு அகலமாகப் பரவும்." தோசையைக் காட்டினாள். "அந்த விசிறி இப்படி இருக்கும்."

நான் தமிழாக்கிச் சொன்னதும், "அப்ப நம்ம ஊரு?" என்றாள் அக்கா.

மோஸா யோசித்துவிட்டு, மாவில் இன்னும் தண்ணீர் விடச் சொன்னாள். அக்கா விட்டாள். நீர்த்த மாவு கல் முழுக்க ஓடிக் காகிதம் மாதிரி ஆயிற்று. பிகாரில் கோசி ஆறு இமயமலையிலிருந்து இறங்கிப் போட்டிருக்கும் விசிறி இந்த வகையில் பெரியது, ஒரு மாவட்டத்துக்குள் அடங்காது. சரிவு கண்ணுக்கே தெரியாது. வைகை அதன் ஏழைத் தங்கச்சி என்று நான் சொன்னேன்.

"பிஞ்சு போச்சு" என்று அக்கா அந்தத் தோசையைச் சுரண்டி எடுத்தாள். "இதத்தான் படிக்க வெளிநாடு போனீகளாக்கும்."

அப்போதுதான் மச்சான் முருகேசன் வந்தார். காலில் காய்ந்த மண். மோஸாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு முற்றத்தில் உட்கார்ந்தார்.

"வந்துருமா மச்சான்?" என்றேன்.

"மேல ஊருக்கு வந்துருச்சு. நம்ம பக்கம் திரும்பணும்ல. கால்வாய் பூராம் மணலு. நேத்து ஆளு கூடி வெட்டுனோம், பாதிதான் முடிஞ்சிச்சு." சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நெல்லு பொதி கட்டி நிக்கிது வசந்தி, கதிரு வெளிய வர்ற நேரம். ஒரு தண்ணி போதும். அது வந்துட்டா நெல்லு வீட்டுக்கு வந்துரும். வரலேன்னா மாட்டுக்குத்தான்."

போன வருஷமும் மாட்டுக்குத்தான் போனது என்று அக்கா பிறகு தனியாகச் சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் ஊரே கால்வாய்க்குப் போனது. மோஸாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்று காரில் போனோம். பாதை ஒரு ஓடையின் குறுக்கே இறங்கி ஏறியது. அகலமான, காய்ந்த ஓடை. வைகையின் பழைய தடங்களில் அதுவும் ஒன்று. நடுவில் போனதும் பின் சக்கரம் மணலில் இறங்கிவிட்டது. காஜா ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி உட்கார்ந்துகொண்டே போனது.

"சலாலா மணலு வேற மாதிரி" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிக் கையால் மணலைத் தோண்ட ஆரம்பித்தார். மோஸா இறங்கி நின்றாள். பக்கத்துக் கால்வாயில் தண்ணீர் வருவதை எதிர்பார்த்து, ஓடைக்குள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் பூத்தட்டும் மஞ்சளுமாக நின்றிருந்தார்கள். குழந்தைகள் மணலில் குழி தோண்டி விளையாடினார்கள். அக்காவும் அங்கேதான் இருந்தாள்.

மேற்கேயிருந்து ஒருவர் பைக்கில் கரையோடு வந்து, "தண்ணி வந்துருச்சு, வளைவுக்கு வந்துருச்சு" என்று கத்திக்கொண்டே போனார்.

எல்லார் முகத்திலும் சிரிப்பு. நான் மோஸா பக்கம் திரும்பினேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன சொன்னான்? தண்ணீர் என்றானா?"

"ஆமாம்."

அவள் ஊன்றுகோலை எறிந்துவிட்டு அந்த முழங்காலோடு ஓடினாள். ஒரு குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொன்றின் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தாள். பெண்களைப் பார்த்து அரபியில் கத்தினாள். மேலே ஏறுங்கள், மேலே ஏறுங்கள், வண்டியை விடு, வண்டி போனால் போகட்டும். குழந்தை அழுதது. முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தினார்கள்.

"என்னடி ஆச்சு இவகளுக்கு?" என்றாள் அக்கா.

"தம்பிய வெள்ளத்துக்குக் குடுத்தவக. கார்ல ஓடையத் தாண்டுறப்ப வந்துருச்சாம்."

அக்கா பூத்தட்டைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். "ஏத்தா, எல்லாரும் மேல ஏறுங்க. பிள்ளைகளத் தூக்குங்க" என்றாள். அத்தனை பேரும் ஓடையை விட்டுக் கரையில் ஏறினார்கள். அக்கா மோஸாவின் தோளைச் சுற்றிக் கையைப் போட்டு உட்கார வைத்தாள். ஆண்கள் சிலர் வந்து காஜாவோடு சேர்ந்து வண்டியைத் தள்ளினார்கள். கருவேலங் கிளையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து ஒருவழியாக மேலே ஏற்றினார்கள்.

அப்புறம் காத்திருந்தோம். மோஸாவின் காது மேற்கே இருந்தது. அவள் நாட்டில் முதலில் வருவது இடி மாதிரி ஒரு ஓசை, பாறையோடு பாறை மோதும் ஓசை. அது கேட்கும்போதே நேரம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். இங்கே எதுவும் கேட்கவில்லை. காக்கை கத்தியது. யாரோ வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டார்கள்.

கால்வாயில் முதலில் வந்தது கொக்குகள். ஏழெட்டுக் கொக்குகள் மணலில் நடந்து நடந்து எதையோ கொத்தின. அவற்றின் காலுக்குப் பின்னால் தண்ணீர் வந்தது.

அதன் முனையில் நுரை, காய்ந்த இலை, ஆட்டுப் புழுக்கை, ஒற்றைச் செருப்பு. எறும்புகள் அதற்கு முன்னால் ஓடின, கொக்குகள் அவற்றைத் தின்றன. ஒரு குழி வந்தால் தண்ணீர் அங்கேயே நின்றது. குழி நிரம்பியதும் விளிம்பில் ஒரு நாக்கை நீட்டி மறுபடி கிளம்பியது. கூட வந்த ஒரு கிழவர் அதற்கு இணையாக மெதுவாக நடந்து வந்தார். சில இடங்களில் அவர் நின்று அதற்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

பெண்கள் குலவை போட்டார்கள். பூவைத் தண்ணீரில் விட்டார்கள். மோஸா எழுந்து நின்றுவிட்டாள்.

"நடக்கிறது" என்றாள்.

கால்வாயும் ஓடையும் பிரிகிற இடத்தில்தான் சிக்கல் வந்தது. கால்வாய் நேராகப் போனால் எங்கள் கண்மாய். வலது பக்கம் பழைய ஓடை, காரை விழுங்கப் பார்த்த அதே ஓடை. தண்ணீர் அந்த இடத்துக்கு வந்து தயங்கியது. பிறகு நிதானமாக வலது பக்கம் ஓடைக்குள் இறங்கியது.

மச்சான் முதலில் ஓடினார். மணல் மூட்டைகளைத் தயாராக வைத்திருந்தார்கள். ஓடை வாயில் போட்டார்கள். தண்ணீர் மூட்டைக்கு அடியில் அரித்துக்கொண்டு போனது. இன்னும் போட்டார்கள். பனங்கட்டையைக் குறுக்கே வைத்தார்கள். அதற்கு மேலேயும் வழிந்து ஓடைக்கே போனது. ஓடை போய்ச் சேருமிடம் உவர் நிலம். அங்கே போனால் ஒருவருக்கும் இல்லை.

மோஸா கரையோரமாக இறங்கிவந்தாள். இப்போது அவள் பார்த்த விதம் எனக்குத் தெரிந்த விதம். வேலைத்தளத்தில் அப்படித்தான் பார்ப்பாள்.

"ஓடை வாயை விட்டுவிடச் சொல். கால்வாயைப் பார். முன்னே வந்த தண்ணீர் மணலைக் கொண்டுவந்து கால்வாய்த் தரையிலேயே போட்டிருக்கிறது. அது ஓடையைவிட உயர்ந்துவிட்டது. அந்தத் திட்டு இருக்கும்வரை எத்தனை மூட்டை போட்டாலும் தண்ணீர் இந்தப் பக்கம்தான் வரும். தன் மேட்டை விட்டுப் பள்ளத்துக்குப் போகிறது. எல்லா விசிறியும் செய்கிற வேலைதான்."

நான் அதை மச்சானிடம் கத்திச் சொன்னேன். அவர் நிமிர்ந்து கால்வாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நேத்து அந்த எடத்துலதான் இருட்டிருச்சுன்னு விட்டோம்" என்றார். "ஏலே, பாதிப் பேரு இங்கன வாங்க. திட்ட வெட்டுங்க."

மண்வெட்டிகள் அந்தப் பக்கம் திரும்பின. பெண்கள் இறங்கிக் கூடையில் மணலை அள்ளினார்கள். காஜாவும் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். நானும் அள்ளினேன். மஸ்கட்டில் கணினித் திரையில் மணல் திட்டுகளைக் கோடு போட்டே பழகிய கை, கூடை விளிம்பு பட்டு எரிந்தது. மோஸா கரையில் நின்று இன்னும் ஆழம், இடது பக்கம் என்று கையால் காட்டினாள். மொழி தேவைப்படவில்லை.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வெட்டிய வாய்க்காலில் ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர் நுழைந்தது. அந்தத் தண்ணீரே மிச்ச மணலை அரித்து வழியை அகலமாக்கிக்கொண்டது. ஓடைப் பக்கம் ஓட்டம் இளைத்தது. மூட்டைகள் இப்போது நின்றன. தண்ணீர் நேராகக் கண்மாய்க்குப் போனது.

யாரும் கைதட்டவில்லை. மச்சான் கால்வாய்க்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார், இடுப்புவரை நனைய.

மத்தியானம் கீழ் ஊரிலிருந்து நாலு பேர் வந்து கரையில் நின்றார்கள். அவர்களுடைய வயலும் அதே நிலையில்தான் இருந்தது. கொஞ்சம் குரல் உயர்ந்தது. கடைசியில் எங்கள் மடைக்குத் தேவையானது ஏறியதும் தண்ணீரை அவர்களுக்குத் திருப்புவது என்று முடிவாயிற்று. "கூட ஒரு நா வச்சுக்கிட்டா என்னங்க?" என்று அக்கா மச்சானைக் கேட்டாள். "அவுகளுக்கும் பொதிதான்" என்றார் அவர்.

சாயங்காலம் மோஸா கண்மாய்க் கரையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றித் தண்ணீரில் காலை வைத்தாள். முழங்கால் வீங்கியிருந்தது. சைஃப் என்பது தம்பியின் பெயர் என்று அன்றைக்குத்தான் சொன்னாள். அவன் வண்டி நின்ற இடத்தில் மழையே இல்லையாம். மழை மலைக்கு மேலே பெய்தது. அந்த வெள்ளத்தில் வீடும் போயிற்று. பிறகு குடும்பத்தோடு கடலோர நகரத்துக்கு வந்துவிட்டார்கள்.

"அங்கே எங்கள் தண்ணீரை யாரும் இப்படி வரவேற்க மாட்டார்கள் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அது பொய். மலையில் மேகம் கறுத்தால் என் அப்பாதான் முதலில் போய்க் கரையில் நிற்பார். பேரீச்சை மரங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தண்ணீர் அதுதான். அப்போது அவர் முகமும் இன்றைக்கு உன் அக்கா முகம் இருந்தது போலத்தான் இருக்கும்."

அன்று அப்பாவிடமிருந்து போன் வந்தது. அவள் எடுக்கவில்லை. நாளைக்குப் பேசுகிறேன் என்றாள், போனிடம்.

மூன்றாம் நாள் கடலுக்குப் போனோம். ஆறு முடிகிற இடத்தைப் பார்க்காமல் போக மாட்டேன் என்று மோஸா பிடிவாதமாக இருந்தாள். கிளம்புமுன் அக்கா ஒரு பை நிறைய வற்றல் மிளகாயைக் கொடுத்தாள். அவ்வளவு காரத்தை ஓமானே தின்னாது என்று சொல்லிப் பார்த்தேன். "வச்சிருக்கட்டும், மிளகாய் என்ன கெட்டா போகுது" என்றாள்.

ராமநாதபுரத்துப் பெரிய கண்மாய்க் கரையில் கொஞ்ச நேரம் நின்றோம். வைகை பெரும்பாலான வருஷங்களில் இங்கேயே முடிந்துவிடும். கண்மாய் நிறைந்து வழிந்தால்தான் மிச்சம் கடலுக்கு. அன்றைக்கு அது பாதிகூட இல்லை. பாம்பன் பாலத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் போகிற வண்டிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. நாங்கள் வடக்கே திரும்பினோம்.

மதியம் காஜா வீட்டில். அவர் மனைவி சோறும், அவர்கள் ஆணம் என்கிற விளை மீன் குழம்பும் வைத்தார். மோஸா தரையில் உட்கார முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். "இது எங்கள் வீட்டுச் சாப்பாடு, கொஞ்சம் கோபத்தோடு சமைத்தது" என்றாள். காரத்தைச் சொன்னாள். நான் காதில் தமிழாக்கிச் சொன்னதைக் காஜா அப்படியே மனைவியிடம் சொல்லாமல், "நல்லாருக்காம்" என்று முடித்துக்கொண்டார்.

ஆற்றங்கரை என்றே பெயர் வைத்த ஊரில், தென்னைகளைத் தாண்டி நடந்தால் முகத்துவாரம். ஆறு வரவில்லை. கடல்தான் ஆற்றுக்குள் வந்திருந்தது. கலங்கலான உப்புத் தண்ணீர், நடுவில் மணல் திட்டு, அதன் மேல் நாலைந்து வள்ளங்கள். கரை நெடுகிலும் வைகை எப்போதோ கொண்டுவந்து போட்ட மண். சில ஊர்களில் விசிறி நேராகக் கடலுக்குள்ளேயே இறங்கி அங்கேயும் விரியும். இங்கே நீரோட்டம் அதை இரண்டு பக்கமும் இழுத்துத் தேய்த்துவிடுகிறது. விளிம்பு என்று கோடு போட முடியாது.

மோஸா ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். விரல் ரேகையில் ஒட்டிக்கொண்டது. எங்கோ மலையில் பாறையாக இருந்தது.

"எங்கள் விசிறியில் ஒரு பக்கம் கற்கள் கறுப்பாக இருக்கும்" என்றாள். "வெயிலில் கிடந்து கிடந்து மேலே ஒரு கறுப்புப் பூச்சு ஏறியிருக்கும். அந்தப் பூச்சு ஏற ஆயிரக்கணக்கான வருஷம் வேண்டும். தண்ணீர் புரட்டிப் போட்டால் ஏறாது."

"அப்படியென்றால் அது ஆறு விட்டுவிட்ட மேடு."

"ஆமாம். ஆறு பக்கத்தில் ஆழமாக வெட்டிக்கொண்டு போய்விட்டது. இனி அங்கே ஏறாது. அங்கே ஒரு வீடு கட்டலாம். எனக்கு இது சைஃப் இறந்த வருஷமே தெரியும்."

அவள் கையிலிருந்த மண்ணை உதிர்த்தாள்.

"அங்கே நின்றால் அவன் வண்டி கிடந்த இடம் நேர் கீழே தெரியும். அதனால் அப்படி ஒரு இடம் இருக்கிறது என்றே யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடமும். நிலமே இல்லை, எல்லாம் வெள்ளம் வருகிற இடம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். நான் சொன்னால் அவர் நம்புவார். நான்தானே படித்தவள்."

அவள் போனை எடுத்து அப்பாவை அழைத்தாள். ஸ்பீக்கரில் போடவில்லை, ஆனாலும் காற்று எங்கள் பக்கம் இருந்ததால் கிழவரின் குரல் எனக்குக் கேட்டது. நலம் விசாரித்தார், காலைப் பற்றிக் கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு, மலையடியில் கறுப்புக் கல் மேடு இருக்கிறதே, அங்கே வீடு கட்டலாம், திரும்பி வந்ததும் நானே வந்து இடத்தை அளந்து தருகிறேன் என்றாள். அதுவரை ஏன் சொல்லவில்லை என்பதையும் சொன்னாள். அந்த வாக்கியத்தை முடிக்க அவளுக்கு நேரம் பிடித்தது.

இணைப்பு போய்விட்டதோ என்று அவள் திரையைப் பார்த்தாள்.

"அந்த மேடு எனக்குத் தெரியும்" என்றார் அவர். "ஆடு மேய்த்த இடம். உயரமாகப் போய்விடுமே மோஸா. ஓடையில் தண்ணீர் வந்தால் வீட்டுக்குள் சத்தம் கேட்காது."

"கேட்காது அப்பா. அதற்குத்தான் அங்கே."

வள்ளத்தை இறக்க இரண்டு பேர் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"சரி" என்றார் கிழவர். "ஜன்னலையாவது ஓடைப் பக்கம் வை."

மோஸா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "வைக்கிறேன்" என்றாள்.